எக்ஸ்குளூட் செய்த பிறகும் லொக்பேக் உள்ளே வருகிறது: மேவன், கிரேடில் அனுபவமுள்ளவர்கள் பாருங்கள்

நிலாவெளி நிரலன்

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுக்கிறேன். அறை, புறாத்தீவுப் படகு, திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகும். ரசீது ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் வழியாக பிடிஎஃப் ஆக வரும். ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 17. தேவையான லைப்ரரிகளை (ஜார் கோப்புகளை) இறக்கி மென்பொருளைக் கட்டித் தருவது மேவன்.

விடுதிக்காரரின் மற்ற மென்பொருள்கள் லொக்ஃபோர்ஜே2 வில் லொக் (நடப்பதைப் பதியும் குறிப்பு) எழுதுவதால், ஸ்பிரிங் பூட்டோடு இயல்பாக வரும் லொக்பேக்கை விட்டு இதையும் அதற்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். மேவன் வாசிக்கும் பொம் கோப்பில், ஸ்டார்ட்டர் வெப் என்ற லைப்ரரித் தொகுப்புக்குக் கீழே, லொக்பேக்கைக் கூட்டி வரும் ஸ்டார்ட்டர் லொகிங்கை எக்ஸ்குளூட் செய்து (விலக்கி), லொக்ஃபோர்ஜே2 ஸ்டார்ட்டரைச் சேர்த்தேன். ஓடவிட்டவுடனேயே விழுகிறது. லொகர் ஃபேக்டரி லொக்பேக்குடையது இல்லையாம், ஆனால் லொக்பேக் கிளாஸ்பாத்தில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் இடத்தில்) இருக்கிறதாம், இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டுமாம்.

அதைத்தானே எடுத்தேன்! பொம் கோப்பில் விலக்கு சரியாகத்தான் இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லை, கிளீன் செய்து மறுபடி கட்டியும் பார்த்தாயிற்று. சீசன் தொடங்க முன்னர் கொடுக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

உவர்மலை

தம்பி, பொம் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட மேவன் என்ன எடுத்தது என்பதுதான் முக்கியம். டிபென்டென்சி ட்ரீயை (எந்த லைப்ரரி எதைக் கூட்டி வருகிறது என்ற பட்டியலை) வெர்போஸ் கொடுத்து ஓடவிட்டு, லொக்பேக் வரும் கிளையை மட்டும் இங்கே போடுங்கள். ஸ்டார்ட்டர்களை எந்த வரிசையில் எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நிலாவெளி நிரலன்

நன்றி அக்கா. வரிசை: ஸ்டார்ட்டர் செக்கியூரிட்டி, ஸ்டார்ட்டர் வெப், ஸ்டார்ட்டர் டேட்டா ஜேபிஏ, பிறகு ஜாஸ்பர்.

ட்ரீயில் செக்கியூரிட்டிக்குக் கீழே ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர், அதற்குக் கீழே ஸ்டார்ட்டர் லொகிங், அதற்குக் கீழே லொக்பேக் கிளாசிக். வெப்புக்குக் கீழே பார்த்தால் ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது, இரட்டிப்பு என்பதால் விடப்பட்டது என்று.

உவர்மலை

அதேதான். விளக்கமாகச் சொல்கிறேன், இது பலரும் தடுக்கி விழும் இடம்.

மேவனில் ஒரு டிபென்டென்சிக்குக் கீழே எழுதும் விலக்கு அந்த ஒரு வழிக்கு மட்டும்தான் பொருந்தும். "இந்த ஜார் என் புரொஜெக்டுக்குள் வரவே கூடாது" என்று நீங்கள் சொல்லவில்லை. "வெப் வழியாக வரும்போது இதைக் கூட்டி வராதே" என்று மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரே ஜார் பல வழியாக வந்தால் மேவன் வேரிலிருந்து எண்ணி, எது கிட்ட இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே ஆழம் என்றால் பொம் கோப்பில் முதலில் எழுதியது வெல்லும். உங்களிடம் செக்கியூரிட்டியும் வெப்பும் ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டரை ஒரே ஆழத்தில்தான் கூட்டி வருகின்றன. செக்கியூரிட்டி மேலே இருப்பதால் அதன் வழி வென்றது. அந்த வழியில் விலக்கு இல்லை, ஆகவே லொகிங் கூடவே வந்துவிட்டது. நீங்கள் விலக்கு எழுதிய வெப்பின் கிளைதான் அடைப்புக்குறிக்குள் போய்விட்டதே.

இரண்டு வரிகளை மேலே கீழே மாற்றினால்கூட இது வேலை செய்யும். ஆனால் தயவுசெய்து அப்படித் தீர்க்காதீர்கள். நாளைக்கு இன்னொருவர் பொம் கோப்பை அகர வரிசைப்படி அடுக்கி வைப்பார், திரும்ப லொக்பேக் வரும். அவருக்கு ஏன் என்றே விளங்காது.

சரியான வழி ஸ்பிரிங் பூட் ஆவணத்திலேயே இருக்கிறது. ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டரை நீங்களே நேரடியாக ஒரு டிபென்டென்சியாக எழுதுங்கள், லொகிங் விலக்கை அதற்குக் கீழே வையுங்கள். நேரடியாக எழுதியது முதல் மட்டத்தில் நிற்பதால் வேறு எந்த ஸ்டார்ட்டர் வழியாக வருவதும் அதனிடம் தோற்கும். தோற்ற கிளையோடு அதன் பிள்ளைகளும் போய்விடும். எத்தனை ஸ்டார்ட்டர் சேர்த்தாலும் விலக்கு ஒரே இடத்தில் இருக்கும்.

சீனன்குடா

இவ்வளவு கதை தேவையா? நான் எந்த லைப்ரரி போட்டாலும் அதற்குக் கீழே நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் எக்ஸ்குளூட் செய்துவிடுவேன். குரூப்பும் நட்சத்திரம், ஆர்டிஃபாக்டும் நட்சத்திரம். மேவன் 3.2.1 இலிருந்து அது வேலை செய்கிறது. பிறகு தேவையானதை நானே ஒவ்வொன்றாக எழுதுவேன். என் புரொஜெக்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், யாரும் பின்கதவால் வர முடியாது. வலையில் சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருப்பதை விட வலையை ஒரேயடியாக உதறுவது நல்லது.

உவர்மலை

சீனன்குடா அண்ணை, உதறும்போது மீனும் போய்விடும் என்பதுதான் பிரச்சினை.

ஒரு லைப்ரரியின் பொம் கோப்பு என்பது அதை எழுதியவர் "இது ஓட இவையெல்லாம் தேவை" என்று தந்த பட்டியல். நீங்கள் அதைக் கிழித்துவிட்டு உங்கள் பட்டியலை வைக்கிறீர்கள். இன்றைக்கு அது சரியாக இருக்கலாம். அடுத்த பதிப்பில் அவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் உங்களுக்கு யார் சொல்வது? கொம்பைலர் சொல்லாது, ஏனென்றால் உங்கள் நிரல் அந்த வகுப்பை நேரடியாகத் தொடுவதில்லை. ஜாவா ஒரு வகுப்பை அது முதன்முதலாகத் தேவைப்படும் நேரத்தில்தான் தேடும். மென்பொருள் நன்றாகத் தொடங்கும், லொகின் வேலை செய்யும், முன்பதிவும் ஏறும். படகில் ஏற வந்த சுற்றுலாக்காரருக்கு ரசீது அச்சிட பொத்தானை அழுத்தும்போது "வகுப்பு வரையறை இல்லை" என்று விழும்.

எக்ஸ்குளூட் என்பது அந்த ஜாரில் உள்ள எதையும் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று, அல்லது அதே வகுப்புகளை நான் வேறு இடத்திலிருந்து தருகிறேன் என்று கொடுக்கும் உத்தரவாதம். நட்சத்திரம் போட்டால் அந்த உத்தரவாதத்தை நீங்கள் பார்க்காத ஜார்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

சீனன்குடா

என்னுடையது பெரும்பாலும் டொம்கேட் சர்வரில் போடும் வார் கோப்பு. சர்வர் ஏற்கெனவே வைத்திருப்பதை உள்ளே கட்டிக்கொண்டு போனால்தான் சண்டை வரும். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

உவர்மலை

அதற்கு ப்ரொவைடட் ஸ்கோப் இருக்கிறதே அண்ணை. கொம்பைல் செய்ய இருக்கும், வார் கோப்புக்குள் போகாது. அங்கே நட்சத்திரத்துக்கு வேலை இல்லை.

கிண்ணியாக்காரன்

நான் கிரேடில் பக்கம், அது மேவனைப் போல இன்னொரு பில்ட் கருவி. தம்பியின் கேள்வி மேவன் என்றாலும், இரண்டுக்கும் மாறி மாறி வேலை செய்பவர்கள் இங்கே இருப்பதால் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை.

முதலாவது, கிரேடில் கிட்ட இருப்பதை எடுப்பதில்லை. மோதல் வந்தால் உயர்ந்த பதிப்பை எடுக்கும். ஆகவே மேவனில் பழைய பதிப்பைத் துரத்துவதற்காக மட்டும் எழுதிய பல விலக்குகள் கிரேடிலுக்கு மாறும்போது தேவையே இல்லை. மேவனிலும் அவை பிழையான ஆயுதம்தான். இரண்டாம் மட்டத்தில் பழைய ஜாக்சன் லைப்ரரி, மூன்றாம் மட்டத்தில் புதியது என்றால் பழையது வென்று "அப்படியொரு மெத்தட் இல்லை" என்று விழும். அதற்குப் பொம் கோப்பின் டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் பதிப்பை ஒரு வரியில் பூட்டிவிட்டால் எல்லா வழிக்கும் அது பொருந்தும். எக்ஸ்குளூட் வழியாகப் போனால் பழையது வரும் ஒவ்வொரு கிளையிலும் எழுத வேண்டும்.

இரண்டாவது, கிரேடிலில் ஒரு டிபென்டென்சியில் எழுதிய விலக்கு, அந்த ஜாரைக் கூட்டி வரும் எல்லா வழிகளிலும் விலக்கு இருந்தால்தான் பலிக்கும். ஒரு வழி திறந்திருந்தாலும் உள்ளே வந்துவிடும். இதில் சலித்துப்போய்த்தான் ஆட்கள் கொன்ஃபிகரேஷன் ஆல் என்று மொத்தத்துக்கும் ஒரு விலக்கு போடுகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லொக்பேக் விஷயத்துக்கு ஸ்பிரிங் பூட் ஆவணம் கிரேடிலில் எக்ஸ்குளூட்டையே சொல்லவில்லை. மொட்யூல்ஸ் பகுதியில் "ஸ்டார்ட்டர் லொகிங்குக்குப் பதில் ஸ்டார்ட்டர் லொக்ஃபோர்ஜே2" என்று ரிப்ளேஸ்ட் பை கொடுத்து, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதச் சொல்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். எடுத்ததையும் பதிலுக்கு வைத்ததையும் ஒரே வரி சொல்கிறது. பிறகு டிபென்டென்சி இன்சைட் ஓடவிட்டால் அந்தக் காரணமும் வெளியில் தெரியும்.

நிலாவெளி நிரலன்

உவர்மலை அக்கா சொன்னபடி ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டரை நேரடியாக எழுதினேன், ஓடுகிறது! மிக்க நன்றி. கிண்ணியா நானாவுக்கும் நன்றி.

இன்னொன்று. தொடங்கும்போது ஒரு எச்சரிக்கை வருகிறது. ஸ்பிரிங் ஜேசிஎல் என்ற லொக் ஜாரோடு சாதாரண கொமன்ஸ் லொகிங் ஜாரும் இருக்கிறதாம், முரண் வராமல் இருக்க அந்த ஜாரை எடுத்துவிடச் சொல்கிறது. ட்ரீயில் பார்த்தால் அது ஜாஸ்பர் வழியாக வருகிறது. எடுக்கலாமா?

உவர்மலை

எடுக்கலாம். உத்தரவாதம் கொடுக்க முடிகிற இடம் இதுதான்.

ஜாஸ்பர் கொமன்ஸ் லொகிங்கின் வகுப்புகளைக் கூப்பிடுகிறது, அது உண்மை. ஆனால் ஸ்பிரிங் 5 இலிருந்து ஸ்பிரிங் ஜேசிஎல் என்ற ஜார் அதே பெயர்களில் அதே வகுப்புகளைத் தருகிறது. ஜாஸ்பருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு ஜாரும் சேர்ந்து இருந்தால்தான் எது முதலில் வரும் என்ற குழப்பம்.

இதே மாதிரியான இன்னும் இரண்டைச் சொல்கிறேன். லொக்ஃபோர்ஜே 1.2 இன் ஆதரவு 2015 ஓகஸ்டில் முடிந்தது. 2022 ஜனவரியில் ரீலோட்ஃபோர்ஜே என்று அதே வகுப்புப் பெயர்களோடு பாதுகாப்புத் திருத்தங்கள் சேர்ந்த ஒன்று வந்தது. அது வேறு பெயரில் இருப்பதால் மேவனுக்கு இரண்டும் சம்பந்தமில்லாத ஜார்கள், மோதல் இருப்பதே தெரியாது. பழையதை நீங்கள்தான் விலக்க வேண்டும். பவுன்சி காசில் என்ற குறியாக்க லைப்ரரியும் அப்படித்தான். ஜேடிகே15ஒன் என்ற பெயர் 1.70 ஓடு நின்றது, 1.71 இலிருந்து ஜேடிகே18ஒன். பழைய லைப்ரரி ஒன்று பழைய பெயரில் கேட்டால் இரண்டும் உள்ளே வந்து உட்காரும். பெயர் மாறினால் பதிப்பைப் பூட்டுவது உதவாது, எக்ஸ்குளூட்தான்.

2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஜே2 வில் பாதுகாப்பு ஓட்டை வந்தபோது எல்லோரும் கண்டபடி எக்ஸ்குளூட் செய்ததும் ஞாபகம் வருகிறது. அங்கே ஜாரின் பெயர் மாறவில்லை, பதிப்பை 2.17.1 க்கு உயர்த்துவதுதான் வேலை. விலக்கிவிட்டு லொக் எழுத ஆளில்லாமல் விட்டவர்களும் உண்டு.

கிண்ணியாக்காரன்

நான் சொல்ல இருந்ததற்கு அக்கா பாதை போட்டுவிட்டார். தம்பிக்கு வந்த அந்த எச்சரிக்கையைப் பார்த்து எங்கள் அலுவலகத்தில் யாரோ எப்போதோ கிரேடிலில் கொமன்ஸ் லொகிங்கை மொத்தமாக எக்ஸ்குளூட் செய்திருந்தார்கள். அன்றைக்கு அது சரி, ஸ்பிரிங்கே கேட்டதுதானே.

பிறகு ஸ்பிரிங் பூட் 4 க்கு மாறினோம். அதற்கு அடியில் இருப்பது ஸ்பிரிங் 7. அதில் ஸ்பிரிங் ஜேசிஎல் இல்லை, எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்பிரிங் கோர் நேராகக் கொமன்ஸ் லொகிங் 1.3 ஐக் கேட்கிறது. எங்கள் விலக்கோ எந்த வழியாக வந்தாலும் தடுக்கிறது. பில்ட் பச்சை. சர்வரில் ஏற்றினால் தொடக்கத்தில் காட்டும் பெனர்கூட வரவில்லை, லொக் ஃபேக்டரி வகுப்பு இல்லை என்று அந்த இடத்திலேயே செத்தது. விழுந்ததையாவது லொக்கில் பார்ப்போம் என்றால் லொக்கே தொடங்கவில்லை.

அந்த வரிக்கு மேலே ஒரு கொமென்ட்கூட இல்லை. "ஸ்பிரிங் ஜேசிஎல் தருகிறது, அதனால் எடுத்தோம்" என்று ஒரு வரி இருந்திருந்தால் ஸ்பிரிங் 7 இன் மாற்றக் குறிப்பை வாசிக்கும்போதே பொறி தட்டியிருக்கும்.

தம்பி மேவனில் ஜாஸ்பருக்குக் கீழே மட்டும் விலக்கினால் இந்த வில்லங்கம் வராது. ஸ்பிரிங் கோர் வழியாக வருவது தன்பாட்டில் வரும். ஒரு வழிக்கு மட்டும் பொருந்துவது என்று மேலே குறை சொன்ன அதே குணம் இங்கே காப்பாற்றுகிறது.

சீனன்குடா

சரி, அப்படியானால் ஒரு கேள்வி. ஒரு வழியில் எடுத்தால் மற்ற வழியாக வருகிறது. மொத்தமாக எடுத்தால் பின்னாளில் கழுத்தை அறுக்கிறது. வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு முறையும் ட்ரீயைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

முன்பு நான் கொமன்ஸ் லொகிங்குக்குப் பதிப்பு எண் 99 என்று தொடங்கும் ஒரு வெற்று ஜாரை வைத்து ஏமாற்றுவேன். அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், கூகுளின் குவாவா லைப்ரரியே தன் லிசனபிள் ஃபியூச்சர் வகுப்புக்கு 9999.0 என்று ஒரு வெற்று ஜார் வைத்திருக்கிறது.

உவர்மலை

சிரிக்கவில்லை அண்ணை, குவாவா செய்வது நேர்த்தியான தந்திரம். ஆனால் அது அவர்களுடைய சொந்த வகுப்பு, குவாவாவுக்குள்ளேயே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு: மேவன் என்ஃபோர்சர் பிளகினில் பேன்ட் டிபென்டென்சிஸ் என்று ஒரு விதி உண்டு. வரக்கூடாத குரூப்பையும் ஆர்டிஃபாக்டையும் அங்கே எழுதுங்கள். அது எதையும் எடுக்காது, எந்த ஆழத்தில் வந்தாலும் பில்டை நிறுத்தும். மெசேஜ் என்ற இடத்தில் காரணத்தையும் எழுதலாம், நிறுத்தும்போது அதையே காட்டும்.

ஆகவே விலக்கைக் கிளையில் வையுங்கள், தடையை என்ஃபோர்சரில் வையுங்கள். கிண்ணியாக்காரன் சொன்ன கதையில் மொத்த விலக்குக்குப் பதிலாக இப்படித் தடை இருந்திருந்தால், ஸ்பிரிங் 7 க்கு மாறிய அன்றே பில்ட் விழுந்திருக்கும், சர்வர் வரை போயிருக்காது. பதிப்புச் சண்டைக்கு அதே பிளகினில் ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸ் இருக்கிறது. யாராவது கேட்பதை விடக் குறைந்த பதிப்பு தெரிவானால் அது கத்தும்.

கோணேசபுரி மாணவி

அக்கா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் வளாகத்தில் இறுதியாண்டு. வீட்டில் போன் ஹொட்ஸ்பொட்தான். முதல்முறை பில்ட் செய்யும்போதே டேட்டா கரைகிறது. தேவையில்லாததை எக்ஸ்குளூட் செய்தால் டேட்டா மிச்சமாகுமா?

மட்டிக்களி

கொஞ்சம் மிச்சமாகும் தங்கச்சி, விலக்கிய ஜாரை மேவன் இறக்காது. ஆனால் டேட்டாவைத் தின்பதில் பெரிய பங்கு பிளகின்களுக்கும் அவற்றின் டிபென்டென்சிகளுக்கும். அவற்றை உங்கள் விலக்கு தொடாது. டேட்டாவுக்காக எக்ஸ்குளூட் செய்யப் போய் இறுதியாண்டு புரொஜெக்டை உடைக்காதீர்கள்.

வளாக இணைப்பில் இருக்கும்போது டிபென்டென்சி கோ ஒஃப்லைன் ஓடவிட்டு, ஒருமுறை முழுதாகக் கட்டி, டெஸ்டும் ஓடவிட்டு எடுங்கள். பிறகு வீட்டில் ஒஃப்லைன் முறையில் கட்டலாம். உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் டொட் எம்2 ரெப்பொசிட்டரியை பென் டிரைவில் நண்பர்களுக்கும் கொடுக்கலாம். அவர்களுடைய செட்டிங்ஸில் ரெப்பொசிட்டரியின் ஐடி வேறாக இருந்தால் மேவன் அடம்பிடிக்கும், ஒரே செட்டிங்ஸ் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

நான் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜ்களை இறக்கும் கருவி) ஆள் என்பதால் இன்னொன்று. அங்கே எக்ஸ்குளூட் என்ற ஒன்றே இல்லை. 8.3 இலிருந்து ஓவர்ரைட்ஸ் இருக்கிறது, அதே வேலை செய்யும் யார்னில் ரெசொலூஷன்ஸ். இரண்டுமே பதிப்பை மாற்றும், அல்லது வேறு பெக்கேஜைக் கொடுக்கும். தூக்கி எறிய விடாது. நீங்கள் எல்லாம் இங்கே அடிபடுவதைப் பார்க்க, விடாததே நல்லது போலிருக்கிறது.

சீனன்குடா

நிரலன் தம்பி, ஜாஸ்பர் 6 வரிசையின் பழைய பதிப்பு ஒன்றா பாவிக்கிறீர்கள்? அதில் பிடிஎஃப் எழுதும் ஐடெக்ஸ்ட் 2.1.7 க்குப் பின்னால் ஜேஎஸ் என்று ஒரு வால் இருக்கும். ஜாஸ்பர்சாஃப்ட் தன் திருத்தங்களோடு வைத்திருந்த பிரதி, மேவன் சென்ட்ரல் என்ற பொது ரெப்பொசிட்டரியில் கிடைக்காது. பில்ட் அங்கே நின்றால் எல்லோரும் செய்வது அதை எக்ஸ்குளூட் செய்து சாதாரண 2.1.7 ஐப் போடுவது. நட்சத்திரக்காரனான நானே சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அவர்கள் ரெப்பொசிட்டரியைப் பொம் கோப்பில் சேர்த்தால் போதும். திருத்தம் இல்லாததைப் போட்டால் எந்த ரசீதில் எது விடுபடும் என்று தெரியாது.

உவர்மலை

அண்ணை சொல்வது சரி. ஜாஸ்பரில் நான் துணிந்து எடுப்பது எக்லிப்ஸ் கொம்பைலர் ஜார் ஒன்றைத்தான். அதுவும் ரிப்போர்ட்டை பில்ட் நேரத்திலேயே கொம்பைல் செய்து டொட் ஜாஸ்பர் கோப்பாக அனுப்பினால் மட்டும். ரிப்போர்ட்டின் மூலமான ஜேஆர்எக்ஸ்எம்எல் கோப்பை சர்வரில் வாசித்துக் கொம்பைல் செய்கிறீர்கள் என்றால் கை வைக்க வேண்டாம். இன்று இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போகிறேன், கேள்வி இருந்தால் நாளைதான் பதில்.

நிலாவெளி நிரலன்

எல்லாம் முடிந்தது. ரிப்போர்ட் கோப்பை சர்வரில்தான் கொம்பைல் செய்கிறோம், ஆகவே எக்லிப்ஸ் ஜாரைத் தொடவில்லை. கொமன்ஸ் லொகிங்கை ஜாஸ்பருக்குக் கீழே மட்டும் விலக்கி, மேலே கொமென்டில் "ஸ்பிரிங் ஜேசிஎல் தருகிறது, ஸ்பிரிங் பூட் 4 க்கு மாறினால் இந்த வரியை எடுக்கவும்" என்று எழுதினேன். என்ஃபோர்சரில் லொக்பேக் கிளாசிக்குக்கும் கொமன்ஸ் லொகிங்குக்கும் தடை. சோதிப்பதற்காகச் செக்கியூரிட்டியைத் திரும்ப மேலே வைத்து, நேரடி ஸ்டார்ட்டரை எடுத்துப் பார்த்தேன். பில்ட் நின்றது, நான் எழுதிய செய்தியும் வந்தது.

கடைசியாகக் கட்டிய ஜாரைத் திறந்து பூட் இன்ஃப் லிப் கோப்புறையையும் பார்த்தேன். லொக்பேக் என்று ஒன்றும் இல்லை, ரசீதும் அச்சாகிறது.

ஆனால் தமிழ் ரசீதில் "பெயர்" என்பதில் கொம்பு தள்ளிப்போய் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் பிரச்சினை இல்லை. இதுவும் ஏதாவது ஜார் சண்டையா?

கிண்ணியாக்காரன்

இல்லை தம்பி. ஐடெக்ஸ்ட் 2 க்கு நம்முடைய எழுத்துகளைச் சேர்த்து அடுக்கத் தெரியாது, எந்த ஜாரை எடுத்தாலும் வைத்தாலும் கொம்பு அங்கேதான் நிற்கும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஃபொன்ட் பெயரையும் ஜாஸ்பர் பதிப்பையும் போடுங்கள். நானும் அங்கே வருகிறேன், மீன் கொள்முதல் பில் ஒன்றில் அதே கொம்போடு நானும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.